கார் திரை: பளிச்சென்று தெரிய வெளிச்சம் மட்டும் போதுமா?

திருவண்ணாமலை கிரிவலப் பாதையின் நீளம் 14 கிலோமீட்டர். பகலில் கொளுத்தும் வெயில். இரவிலோ நடந்து வலம் வரும் பக்தர்கள். இங்கு கார் ஓட்டுபவருக்கு டேஷ்போர்டில் உள்ள திரை பகலில் தெளிவாகத் தெரிய வேண்டும். இரவில் கண் கூசக் கூடாது. கூசினால் இருட்டில் நடந்து வருபவர் கண்ணில் படமாட்டார்.

இந்த வெளிச்சத்தைத் தருவது பேக்லைட். உங்கள் எல்.சி.டி. மானிட்டரிலும் லேப்டாப்பிலும் இதே அமைப்புதான் உள்ளது. எல்.சி.டி. பேனல் தானாக ஒளிர்வதில்லை. பின்னால் எரியும் விளக்கின் ஒளியைத் தேவையான இடத்தில் விட்டு, மற்ற இடத்தில் மறைக்கிறது. முன்பு இதற்கு மெல்லிய ப்ளோரசன்ட் குழாய்கள் இருந்தன. இப்போது குறைந்த மின்சாரத்தில் இயங்கும் எல்.இ.டி.க்கள் உள்ளன.

அப்படியானால் பேக்லைட்டைக் கூட்டினால் போதுமே என்று எண்ணுகிறீர்களா? ஒரு கணக்குப் பார்ப்போம். திரையின் ஒளியை நிட் என்ற அலகால் அளக்கிறோம். ஒரு திரையில் வெள்ளை 500 நிட், கறுப்பு 0.5 நிட் எனில், கான்ட்ராஸ்ட் 1000:1. வெயில் பட்டு 50 நிட் பிரதிபலித்தால் அது இரண்டுடனும் சேர்ந்துவிடும். இப்போது 550க்கு 50.5, அதாவது ஏறக்குறைய 11:1 தான்.

பேக்லைட்டை இரு மடங்காக்கினால் இது ஏறக்குறைய 21:1 ஆகும். ஆனால் மின்செலவும் சூடும் கூடும். பேக்லைட்டைத் தொடாமல் பிரதிபலிப்பைப் பாதியாக்கினாலும் அதே 21:1 கிடைக்கும். மின்செலவு கூடாது. இதனால்தான் பேனலுக்கும் மேல் கண்ணாடிக்கும் இடையே உள்ள காற்று இடைவெளியைத் தெளிவான பசையால் நிரப்புகிறார்கள். பிரதிபலிப்பைக் குறைக்கும் பூச்சும் தருகிறார்கள்.

இரவில் செய்ய வேண்டியது இதற்கு நேர் எதிர். எல்.இ.டி.யை நொடிக்குப் பல நூறு முறை அணைத்து எரியவிட்டு ஒளியைக் குறைக்கலாம். எரியும் நேரம் கால் பங்கானால், பேக்லைட்டின் மின்செலவும் ஏறக்குறைய கால் பங்காகும். சில புதிய திரைகளில் படத்தின் இருண்ட பகுதிக்குப் பின்னால் உள்ள எல்.இ.டி.க்கள் மட்டும் மங்குகின்றன. இதனால் கறுப்பு நன்கு கறுப்பாகத் தெரியும்.

நீங்கள் செய்யக்கூடியவை: காரில் பிரைட்னஸை ஆட்டோவில் வையுங்கள். அந்த வசதி இல்லையெனில் மாலையில் நைட் மோடுக்கு மாற்றுங்கள். வீட்டில் ஜன்னல் வெளிச்சம் மானிட்டரில் நேராக விழாதபடி திருப்பி வைத்து, பிறகு பிரைட்னஸைக் குறைத்துப் பாருங்கள். படம் தெளிவாகவே இருக்கும். லேப்டாப் என்றால் பேட்டரியும் கூடுதல் நேரம் வரும்.