‘ரிபேட்ரியேட்’ என்றொரு சொல்

ஆங்கில அகராதியிலே ‘ரிபேட்ரியேட்’ என்றொரு சொல் உண்டு. அன்றாடப் பேச்சிலே அதிகம் வழங்காதது. அரசாங்கக் கடிதங்களில் அடிக்கடி தலைகாட்டுவது. ‘பேட்ரியா’ என்ற இலத்தீன் மூலத்துக்குத் தந்தையர் நாடு என்பது பொருள். தேசபக்தனைக் குறிக்கும் ‘பேட்ரியட்’ என்ற சொல்லும் இதன் உறவே. முன்னே நிற்கும் ‘ரி’, ‘மீண்டும்’ எனப் பொருள்படும். ஆகவே அந்நிய மண்ணில் அகப்பட்டவனை மீண்டும் அவனுடைய நாட்டுக்கே அனுப்புதல் என்பது நேர்ப்பொருள். யுத்தக் கைதிகள் விடுதலை பெற்று ஊர் செல்லும்போது எவ்வளவு பொருத்தமான சொல்!

1964 ஒக்டோபர் 30ஆம் திகதி செய்துகொண்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்திலும் இச்சொல் ஏறிற்று. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றவராக்கிய மலைநாட்டு மக்களில் 525,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 300,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை வழங்குவதென்றும் முடிவாயிற்று. எஞ்சிய 150,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப்பாதியாகப் பங்கிட்டுக்கொண்டன.

டயகமத் தோட்டத்து லயத்திலே பிறந்து, அங்கேயே கொழுந்து பறித்து, பெற்றோரையும் அம்மண்ணிலேயே புதைத்த ஒருத்திக்கு இச்சொல் எங்ஙனம் பொருந்தும்? இராமேஸ்வரக் கரையை அவள் கண்டதே இல்லை. ஒரு முறையும் போகாத இடத்துக்கு ‘மீண்டும்’ போவதெப்படி? பாட்டன் வந்த வழியைப் பேர்த்தியின் தலையில் எழுதிவிட்டது அந்த ‘ரி’.

தமிழ்நாட்டு அரசு வழக்கிலே இவர்கள் ‘தாயகம் திரும்பியோர்’ ஆயினர். ஆங்கிலத்துத் தந்தை தமிழிலே தாயானது நம் மொழியின் இயல்பு, குறையில்லை. ‘திரும்பியோர்’ என்ற பொய்யையும் கூடவே பெயர்த்துக்கொண்டோமே, அதுதான் வருத்தம். (டயகமவுக்கும் தாயகத்துக்கும் ஒலியளவில் சிறு வேற்றுமைதான், இடையிலே கடல்.) இவர்களுக்கு வேலை கொடுப்பதற்கென 1968இல் நீலகிரியிலே அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கின. ஆனால், அங்குள்ளோர் இவர்களை அழைத்ததோ ‘சிலோன்காரர்’ என்று!

இச்சொல் பணத்துக்கும் வழங்கும். தோட்டத்து இலாபத்தை லண்டன் கம்பெனிகள் தம் நாட்டுக்கு எடுத்துச்செல்வதையும் இப்பெயராலேயே குறித்தார்கள். 1975இல் தோட்டங்கள் அரசுடைமையாகும் வரை அது நடந்தது. அந்த இலாபமும் இந்த மண்ணிலே பிறந்ததுதான். அதுவும் ‘திரும்பி’யதாம்!

எம் மக்கள் அகராதியைப் புரட்டவில்லை. தலைமன்னாரை நோக்கி உறவுகளைச் சுமந்து சென்ற புகைவண்டிக்கு ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று பெயரிட்டார்கள். 1984இல் கப்பல் நின்றது. போகாமல் எஞ்சியவர்கள் இலங்கைப் பிரஜைகளாவதற்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரவேண்டியிருந்தது.