வாவிக்கரையிற் பறவை காண்போர்

மட்டக்களப்பை மீன்பாடும் தேனாடு என்பர். பூரணை இரவிற் தோணியேறி, துடுப்பின் ஒரு முனையை நீரில் இறக்கி, மறுமுனையிற் காதை வைத்துப் பாடும் மீனைக் கேட்கச் சென்றோர் பலர். அதே வாவியில் விடியற்பொழுதில் இரைதேடும் பறவைகளைக் காணச் சென்றோர் மிகச் சிலரே.

பறவைகளைக் குழுவாகச் சென்று காணும் வழக்கம் இலங்கைக்குப் புதியதன்று. இலங்கைப் பறவைக் கழகம் 1943 இல் தோன்றியது. 1976 இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து களப் பறவையியற் குழு அமைந்தபின், மாணவரும் ஆசிரியரும் பங்குகொள்ளும் களப்பயணங்கள் பெருகின. அறிந்த ஒருவர் முன்செல்ல, அறிய விரும்புவோர் பின்செல்லும் இம்முறையை மட்டக்களப்பு வாவியிற் கையாளும் கழகத்தார், முதலில் வாவியின் இயல்பை அறிந்துகொள்ளுதல் வேண்டும்.

வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடையது. வடக்கே பங்குடாவெளி முதல் தெற்கே கல்முனை வரை நீண்டு கிடக்கிறது. பாலமீன்மட்டிலும் கல்லாற்றிலும் அது கடலோடு கலக்கும். வறண்ட மாதங்களில் அம்முகத்துவாரங்களை மணல் அடைத்துவிடும். வாடைக்காற்றுடன் பெருமழை வந்ததும் வயல்களில் வெள்ளம் நிற்கும். மணற்றிட்டு உடையும், அல்லது வெட்டி விடப்படும். எப்பொழுது வெட்டுவது என்பதில் உழவருக்கும் மீனவருக்கும் உள்ள வழக்கு பழையது. பறவைகளுக்கோ நீர் வடிவதே முக்கியம். ஆழமான நீரில் உள்ளான் நிற்க இயலாது. நீர் இறங்கிச் சேற்றுப்பரப்பு வெளிப்படும்போதுதான் புழுவும் சிறு நண்டும் அதன் அலகுக்கு எட்டும். வடதுருவத்தை அடுத்த நாடுகளிலிருந்து புரட்டாதி, ஐப்பசியில் வரும் பறவைகள் சித்திரையளவில் மீண்டுவிடும். இலங்கைக்குத் தெற்கே தரையில்லை. அந்தாட்டிக்கா வரை கடலே. ஆகவே அவற்றுக்கு இக்கரை வழித்தங்கல் அன்று, பயணத்தின் முடிவிடம். மழை ஓய்ந்து நீர் வடியும் மாசியும் பங்குனியுமே கழகத்தாருக்கு ஏற்ற காலம்.

இனி, எங்கே நிற்பது? இதற்கு விடையை ஊரார் வழங்கும் பெயர்களே கூறிவிடுகின்றன. வாவிக்குக் கிழக்கேயுள்ள நிலம் எழுவான்கரை, மேற்கேயுள்ளது படுவான்கரை. காலையிற் படுவான்கரையில் நின்று கிழக்கே நோக்கினால் கண் கூசும். பறவையெல்லாம் கரிய நிழலாகவே தோன்றும். எழுவான்கரையில் நின்றால் ஞாயிறு முதுகுக்குப் பின்னிருக்கும். இறகின் நிறம், காலின் நிறம் எல்லாம் தெளிவாய்ப் புலப்படும். மாலையில் இதற்கு எதிர்மாறு. முன்னாளில் மண்முனையில் ஓடத்தையே நம்பியிருந்தனர். 2014 இற் பாலம் அமைந்தபின் ஒரே நாளில் இரு கரைகளிலும் நின்று பார்த்தல் எளிதாயிற்று.

வழிநடத்துபவரின் வேலை பெயர் சொல்லிக் கொடுப்பது மட்டுமன்று. புதியவர் வெள்ளையாய் நிற்பன யாவற்றையும் கொக்கு என்பார். அவரை ஒரு சிறு கொக்கின்முன் கால் மணிநேரம் நிறுத்திவைத்தல் வேண்டும். அலகு கறுப்பு, கால் கறுப்பு, விரல் மட்டும் மஞ்சள் என்று அவர் தாமே கண்டு சொல்லட்டும். மாட்டின் பின்னே திரிவதற்கு அலகு மஞ்சள், கழுத்துக் குட்டை. பெருங்கொக்கின் வாய்க்கோடு கண்ணையும் கடந்து பின்னே செல்லும். இவ்வாறு வேறுபாடு கண்டவருக்குக் கரையே வேறாகத் தோன்றும். நீர்க்காகம் கம்பத்திலிருந்து சிறகை விரித்து வைத்திருப்பதேன் என்று அடுத்தபடி அவரே கேட்பார். அதன் இறகு நீரை ஏற்று நனைவது. அதனால் மூழ்குதல் எளிது, எழுந்தபின் காயவைத்தலும் அவசியம்.

குழு சிறிதாயிருத்தல் நன்று. பன்னிரண்டு பேருக்கு மேற்பட்டால் அது பறவை காணும் குழுவன்று, ஊர்வலம். வீச்சுவலை வீசும் மீனவர் ஒருவரைத் துணைக்கொள்வது அதனினும் நன்று; ஆலாக்கள் எங்கே கூடும் என்பதை அவர் எந்நூலையும் பாராமலே அறிவார். பறவை தலையை உயர்த்தி நோக்கினால் நின்றுவிட வேண்டும். எழுந்து பறந்தால் குழு ஏற்கெனவே மிக நெருங்கிவிட்டது என்பது பொருள். ஆயிரக்கணக்கான மைல் கடந்து வந்த உயிர் உண்ணும் வேளையில் அதனை எழுப்பி ஓட்டுதல் ஒருவகைக் களவேயாகும்.

எண்ணுதலுக்கும் ஒரு முறையுண்டு. பத்துப் பறவைகளை ஒவ்வொன்றாய் எண்ணி, அவை அடைத்துள்ள இடத்தைக் கண்ணில் அளவாகக் கொண்டு, கூட்டம் முழுவதையும் அவ்வளவால் அளந்து செல்வர். 1987 இல் தொடங்கிய ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு ஆண்டுதோறும் தை மாதத்தையொட்டி நடைபெறுகிறது. அதிற் பங்குகொள்வோர் பெரும்பாலும் தொண்டர்களே.

மட்டக்களப்பில் இவ்வேலைக்கு ஓர் அவசரமும் உண்டு. 1983 முதல் 2009 வரை நீடித்த போர்க்காலம், தொலைநோக்கியோடு வாவிக்கரையில் நிற்கக்கூடிய காலமன்று. இடையே 2004 மார்கழியிற் கடற்கோளும் வந்தது. கண்டற்காடு அழிக்கப்படும்போதோ சேற்றுநிலம் நிரப்பப்படும்போதோ, அங்கே முன்னர் எத்தனை பறவைகள் இருந்தன என்ற கேள்வி எழும். நினைவிலிருந்து சொல்லும் விடையை எந்த அலுவலகமும் ஏற்பதில்லை. ஒரே இடத்தில், ஒரே பருவத்தில், ஆண்டுதோறும் எழுதிவைத்த குறிப்பேடு ஒன்றிருந்தால் அதனை மறுத்தல் அரிது.

அக்குறிப்பேட்டில் நாள், நேரம், இடம், காற்று, நீர்மட்டம், பறவையின் பெயர், தொகை ஆகியன இருத்தல் வேண்டும். ஒன்றையும் காணாத நாளிலும் இவையனைத்தையும் எழுதி, தொகைக்கு நேரே பூச்சியம் இடுதல் வேண்டும். புதிதாய் வருவோர்க்கு இதுவே எல்லாவற்றினும் கடினம். வெறுங்கையோடு திரும்பியதாக எண்ணி ஏட்டை மூடிவிடுகின்றனர்.