சொல்லக் கூசும் நோவு

பல் வலித்தால் வீடு முழுவதும் அறியும். காலில் முள் தைத்தால் அண்டை வீட்டாரும் வந்து விசாரிப்பார்கள். ஆனால் பிறப்புறுப்பின் அருகில் ஒரு கட்டி எழும்பி, உட்காரவும் நடக்கவும் முடியாமல் வேதனைப்படும் ஸ்திரீயோ அதைத் தன் தாயிடம்கூடச் சொல்லத் தயங்குகிறாள். "சூட்டுக் கட்டிதான், தானே அமுங்கிவிடும்" என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு நாலு நாள் பல்லைக் கடித்துப் பொறுத்திருக்கிறாள். அந்த நாலு நாளில் சிறு கட்டி பெருஞ் சீழ்க்கட்டியாக மாறிவிடலாம். இத்தகைய விஷயத்தைக் குடும்பத்தார் படிக்கும் பத்திரிகையில் எழுதலாமா என்று சில நேயர்கள் முகம் சுளிக்கக்கூடும். சரீரத்தைப் பற்றிய அறிவில் ஆபாசம் ஏதுமில்லை. அறியாமையால் விளையும் துன்பமோ பெரிது.

இக்கட்டிகளில் பெரும்பாலானவை அபாயமற்றவை. வெளித் தோலில் உள்ள மயிர்க்கால்களில் கிருமி புகுந்தால் சிவந்து நோகும் கட்டி உண்டாகிறது. சவரம் செய்வதும், இறுக்கமான உள்ளாடையும், வியர்வையும் உராய்வும் இதற்கு இடங்கொடுக்கின்றன. வெட்டிய ரோமம் வெளியே வளராமல் தோலுக்குள்ளேயே வளைந்து புகுவதும் உண்டு.

மற்றொரு காரணத்தை நம்மவரில் அறிந்தவர் சிலரே. யோனித் துவாரத்தின் இருபுறமும், கீழ்ப்பாகத்தில், பட்டாணி அளவில் இரண்டு சுரப்பிகள் இருக்கின்றன. 17-ஆம் நூற்றாண்டில் காஸ்பர் பார்த்தோலின் என்ற டேனிஷ் பண்டிதர் இவற்றை விவரித்ததால் அவருடைய பெயராலேயே இவை வழங்குகின்றன. ஈரப்பசைக்கான நீரைச் சுரப்பது இவற்றின் தொழில். நீர் வெளிவரும் மெல்லிய குழாய் அடைபட்டால், உள்ளே நீர் தேங்கி ஒரு பக்கம் மட்டும் வீங்குகிறது. அவ்வளவில் நின்றால் வலி அதிகமிராது. தேங்கிய இடத்தில் கிருமி சேர்ந்துவிட்டாலோ, இரண்டொரு நாளில் சீழ் கட்டி, தொட முடியாத வேதனை உண்டாகும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். இக்கட்டி கண்டவளின் ஒழுக்கத்தைச் சந்தேகிக்கும் கொடுமை சில வீடுகளில் நிகழ்கிறது. இந்தச் சீழில் அடிக்கடி காணப்படுபவை நம் எல்லோருடைய குடலிலும் சாதாரணமாக வசிக்கும் கிருமிகளே. சில சமயம் மேக நோய்க் கிருமிகளும் காரணமாகலாம். ஆகையால் டாக்டர் பரிசோதனை செய்யச் சொன்னால் அதில் அவமானமில்லை. அப்படிக் கிருமி காணப்பட்டால் கணவனும் சிகிச்சை பெறுதல் வேண்டும். மனைவிக்கு மட்டும் மருந்து கொடுத்துப் பயனில்லை.

சிறு கொப்புளங்கள் கூட்டமாகத் தோன்றி, உடைந்து எரிச்சலுடன் புண்ணாகுமாயின், அது ஹெர்ப்பீஸ் என்னும் வைரஸ் நோயாக இருக்கலாம். அக்குளிலும் தொடையிடுக்கிலும் கட்டிகள் திரும்பத் திரும்ப வந்து, சீழ் வடிந்து, தழும்பு ஏறுமாயின், அது ஒரு நாட்பட்ட சரும நோயாக இருக்கலாம். அது அழுக்கினால் வருவதன்று. பிறரைத் தொற்றுவதும் அன்று. அடிக்கடி கட்டி காணுகிறவர்கள் நீரிழிவு உண்டா என்று இரத்தத்தைச் சோதித்துக்கொள்வது அவசியம்.

இனி, வீட்டில் செய்யத்தக்கது. அகன்ற தொட்டியிலோ பேசினிலோ உடல் தாங்கும் வெந்நீரை ஊற்றி, இடுப்பின் கீழ்ப்பாகம் நனையும்படி பத்துப் பதினைந்து நிமிஷம் அமரவேண்டும். நாளொன்றுக்கு மூன்று நான்கு முறை இவ்வாறு செய்தால் நோவு தணியும். சிறு கட்டியானால் தானே உடைந்து வடியவும் கூடும். பிறகு மெல்லத் துடைத்து, தளர்ந்த பருத்தி ஆடை உடுத்துக. வலிக்குப் பாரஸிட்டமால் மாத்திரை உட்கொள்ளலாம்.

செய்யத்தகாதவையும் உண்டு. கட்டியை நகத்தால் கிள்ளுவதும், ஊசியால் குத்துவதும், பிதுக்குவதும் கூடாது. கிருமி அதனால் ஆழத்திற்குச் செல்லும். சுண்ணாம்பையும் வெல்லத்தையும் குழைத்துப் பற்றுப் போடுவது நம் வீடுகளில் வழக்கம். அந்த மென்மையான இடத்தை சுண்ணாம்பு வெந்து புண்ணாக்கிவிடும். யோனியின் உட்புறத்தை சோப்பாலும் மருந்து நீராலும் கழுவுவதும் தீங்கே.

இரண்டு மூன்று நாளில் குணம் தெரியாவிட்டாலும், கட்டி பெருகினாலும், ஜுரம் கண்டாலும் டாக்டரிடம் போகவேண்டும். கர்ப்பிணிகளும் நீரிழிவு உள்ளவர்களும் அவ்வளவு நாள்கூடக் காத்திருக்கலாகாது. சிவப்பு விரைந்து பரவி, வலியும் சோர்வும் மிகுந்தால் அன்றைய தினமே ஆஸ்பத்திரிக்குச் செல்க. நாற்பது வயதைக் கடந்தவர்களுக்குப் புதிதாகக் கட்டி தோன்றினாலும், எந்த வயதிலும் கெட்டியாக வளரும் கட்டியோ, ஆறாத புண்ணோ, இரத்தக் கசிவோ இருந்தாலும், வலி இல்லையென்று அசட்டையாக இருத்தல் தகாது. அபூர்வமாக அது புற்றுநோயாக இருக்கலாம். சிறிது சதையெடுத்துச் சோதித்தால் உண்மை தெரிந்துவிடும்.

கத்தியென்றால் நடுங்குபவர்கள் சிகிச்சை எவ்வளவு எளிது என்பதை அறிந்தால் தைரியம் கொள்வார்கள். மரத்துப்போக ஊசி போட்டு, சிறிதளவு கீறிச் சீழை வெளியேற்றுகிறார்கள். பார்த்தோலின் சுரப்பியாயின், மறுபடியும் அடைபடாதபடி, நுனியில் சிறு பலூன் உள்ள மெல்லிய ரப்பர் குழாயைச் சில வாரம் உள்ளே வைப்பதுண்டு. வேர்ட் என்ற அமெரிக்க டாக்டர் 1964-இல் இதை வெளியிட்டார். திரும்பத் திரும்ப வருமாயின், அறுவைச் சிகிச்சையால் நிலையான வழி ஒன்று அமைத்துவிடுகிறார்கள்.

ஆண் வைத்தியரிடம் காட்ட மனமில்லாமல் நோவோடு மாய்ந்த ஸ்திரீகளுக்காகவே, 1885-இல் மேரி ஷார்லீப் அம்மையார் சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். இன்று திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி ஆஸ்பத்திரி என விளங்கும் அதனை ஜனங்கள் கோஷா ஆஸ்பத்திரி என்று அழைத்து வந்தார்கள். அக்காலத்தில் பெண் டாக்டர் கிடைப்பது அரிது. இன்று அந்தக் குறை பெரும்பாலும் நீங்கிவிட்டது. கூச்சந்தான் பாக்கி. பெண் வயதுக்கு வரும்போது அவளுக்குப் பட்டுப் பாவாடை எடுத்துத் தரும் தாய்மார்கள், "உன் உடம்பில் எந்த இடத்தில் நோவு வந்தாலும் என்னிடம் சொல்" என்ற ஒரு வார்த்தையையும் சேர்த்துக் கொடுப்பார்களாக.