மூலமும் நகலும் – கணிப்பொறிக் கணக்கில் நான் கற்ற பாடம்

ஆண்டுதோறும் நம் சங்க மலருக்கு ஏட்டுச் சுவடி, கல்வெட்டு என்று ஏதாவது எழுதிக் கொடுப்பது என் வழக்கம். இம்முறை கணிப்பொறி பற்றி எழுதப் போகிறேன் என்றதும் மலர்க்குழு நண்பர்கள் சிரித்தார்கள். "பாத்திரக் கடைக்காரருக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று ஒருவர் கேட்டே விட்டார். எதுக்கு என்பதைத்தான் சொல்ல வருகிறேன். நம் பிள்ளைகள் பலர் மென்பொருள் துறையில் இருக்கிறார்கள். நம்மில் பலர் கடையோ சிறுதொழிலோ நடத்துகிறோம். இரு சாராருக்கும் இதில் வேலை இருக்கிறது.

சுவடிகளோடு பழகியவர்களுக்கு ஒன்று தெரியும். ஒரு நூலுக்கு ஒரே சுவடிதான் என்றால், அது செல்லரித்தால் நூலே போய்விடும். பல படிகள் இருந்தால் நூல் பிழைக்கும். ஆனால் படிக்குப் படி பாடம் வேறுபடும். 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் பல சுவடிகளை ஒப்பிட்டுத்தான் பாடத்தை முடிவு செய்ய வேண்டியிருந்தது. கணிப்பொறிக் கணக்கிலும் இதே கதைதான். ஒரே பிரதி என்றால் ஆபத்து. பல பிரதி என்றால் பாடபேதம்.

எங்கள் கடையின் ஏற்பாடு

எனக்கு மும்பை தாதரில் எவர்சில்வர் பாத்திரக் கடை. பிவண்டியில் கிடங்கு. புனேயில் ஒரு கிளை. பில் போடும் மென்பொருளின் கணக்கெல்லாம் தாதரில் உள்ள சர்வரில் ஏறும். இது மூலம். பிவண்டியிலும் புனேயிலும் அதன் நகல் சர்வர்கள். மூலத்தில் ஒரு பில் விழுந்தால் சில விநாடிகளில் இரண்டு நகல்களுக்கும் போய்விடும். கடையில் மின்சாரம் போனாலும், டிஸ்க் கெட்டாலும் கணக்கு பிழைத்திருக்கும். தவிர, மாதாந்திர அறிக்கைகளை நகலிலிருந்து எடுத்தால் கவுண்டரில் பில் போடுவது மெதுவாகாது. எங்கள் கணக்குப்பிள்ளை பிவண்டியில் உட்கார்ந்து அங்குள்ள நகலிலிருந்துதான் அறிக்கை எடுப்பார்.

மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மென்பொருள் இந்த நகலெடுப்பை எப்படிச் செய்கிறது? வியாபாரிகளுக்கு எளிதில் புரியும். நாம் நடந்ததை நடந்த வரிசையில் சிட்டையில் எழுதுகிறோம். பிறகு பேரேட்டில் ஏற்றுகிறோம். அதுபோல மூல சர்வர் தன் அட்டவணைகளில் செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் ஒரு சிட்டையில் வரிசையாக எழுதி வைக்கும். நகல் சர்வர் அந்தச் சிட்டையை வாங்கி, அதே வரிசையில் தன் பேரேட்டில் ஏற்றும். பேரேடு ஒரே மாதிரி தொடங்கி, சிட்டையும் ஒன்றாகவே இருந்தால் முடிவும் ஒன்றாகவே இருக்கும். முன்னெல்லாம் இவற்றை மாஸ்டர், ஸ்லேவ் என்றார்கள். 2020இல் மைஎஸ்க்யூஎல்காரர்கள் அந்தப் பெயர்களைக் கைவிட்டு சோர்ஸ், ரெப்ளிகா என்று மாற்றிக் கொண்டார்கள்.

எண் மாறுவது வேறு, பத்தி மாறுவது வேறு

2025 செப்டம்பர் 22 முதல் எங்கள் எஃகுப் பாத்திரங்களுக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. கணிப்பொறியில் அது சின்ன வேலை. இருக்கிற பத்தியில் எண்ணை மாற்றினோம். நகல்களிலும் தானாக மாறிவிட்டது.

2017 ஜூலை 1 அப்படி இல்லை. அன்று வாட் போய் ஜி.எஸ்.டி. வந்தது. மகாராஷ்டிரத்தில் 2005 ஏப்ரல் முதல் பில் அட்டவணையில் வாட்டுக்கு ஒரு பத்தி போதுமாக இருந்தது. இப்போது மூன்று வேண்டும். மாநிலத்துக்குள் விற்றால் சி.ஜி.எஸ்.டி. பாதி, எஸ்.ஜி.எஸ்.டி. பாதி. வெளிமாநிலத்துக்கு விற்றால் முழுவதும் ஐ.ஜி.எஸ்.டி. அதாவது எழுதும் எண் மட்டும் மாறவில்லை. பேரேட்டுக்குக் கோடு போட்ட விதமே மாறியது. நகல்கள் பிசகுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

நடந்தது இதுதான்

மென்பொருள் எழுதிக் கொடுத்த நிறுவனத்திலிருந்து ஒரு பையன் வந்தான். நல்ல பையன், கெட்டிக்காரன். கடையில் கை வைக்க பயந்து, முதலில் பிவண்டி நகலில் மூன்று பத்திகளையும் சேர்த்துப் பார்த்தான். ஐ.ஜி.எஸ்.டி., சி.ஜி.எஸ்.டி., எஸ்.ஜி.எஸ்.டி. என்ற வரிசை. சரியாக வந்தது. அதை நீக்காமல் அப்படியே விட்டுவிட்டான். இரண்டு நாள் கழித்துத் தாதரில் மூலத்தில் சேர்த்தான். இம்முறை சி.ஜி.எஸ்.டி., எஸ்.ஜி.எஸ்.டி., ஐ.ஜி.எஸ்.டி. என்ற வரிசை.

மூலத்தில் செய்த அந்த மாற்றமும் சிட்டையில் ஏறி இரண்டு நகலுக்கும் போனது. புனே ஏற்றுக் கொண்டது. பிவண்டி நின்றுவிட்டது: "இந்தப் பெயரில் பத்தி ஏற்கெனவே இருக்கிறது" என்று பிழை காட்டியது. உண்மையில் அது நல்ல எச்சரிக்கை. பையனோ, "பத்திதான் இருக்கே சார், ஒண்ணும் ஆகாது" என்று சொல்லி, அந்த ஒரு பதிவைத் தாண்டிப் போகும்படி நகலுக்குக் கட்டளை கொடுத்தான். நகல் மறுபடி ஓடத் தொடங்கியது. எல்லோருக்கும் நிம்மதி.

ஆகஸ்டில் முதல் ரிட்டர்னுக்கான கணக்கைக் கணக்குப்பிள்ளை எடுத்து வந்தார். மொத்த வரி பைசா பிசகாமல் சரி. ஆனால் நான் இன்றும் கையால் ஒரு சிட்டை எழுதுகிறவன். சூரத்துக்குப் போன சரக்கு ஒன்று என் கண்ணில் பட்டது. குஜராத்துக்கு விற்ற சரக்குக்கு மகாராஷ்டிர மாநில வரி எப்படி வந்தது?

ஆயிரம் ரூபாய் விற்பனையை வைத்துப் பார்த்தால் விளங்கும். உள்ளூர் விற்பனைக்கு மூலத்தில் 60, 60, 0 என்று இருக்கும். பிவண்டியில் அதே மூன்று எண்கள் அதே வரிசையில் விழும். ஆனால் அங்கே முதல் பத்தி ஐ.ஜி.எஸ்.டி. ஆகவே ஐ.ஜி.எஸ்.டி. 60, சி.ஜி.எஸ்.டி. 60, எஸ்.ஜி.எஸ்.டி. பூஜ்யம். சூரத் விற்பனைக்கு 0, 0, 120. பிவண்டியில் அந்த 120 எஸ்.ஜி.எஸ்.டி.யில் விழுந்திருந்தது. கூட்டுத்தொகை எப்போதும் 120தான். மொத்தம் சரி, உள்ளே எல்லாம் தப்பு. அப்படியே கட்டியிருந்தால், சரியான தலைப்பில் மறுபடியும் வரி கட்டிவிட்டு, தவறாகக் கட்டியதைத் திரும்பக் கேட்டு அலைய வேண்டியதுதான். சிறு வியாபாரிக்கு அது முதலே முடங்குகிற விஷயம்.

ஏன் பிழை காட்டவில்லை?

புனேயில் மென்பொருள் துறையில் இருக்கும் என் தம்பி மகனைக் கூப்பிட்டேன். அவன் விளக்கியதைச் சொல்கிறேன்.

சிட்டை எழுத இரண்டு முறை உண்டு. ஒன்று, கட்டளையை எழுதுவது: "எல்லாக் குடத்துக்கும் விலையை 5 சதவீதம் ஏற்று." மற்றது, விளைவை எழுதுவது: "இந்தக் குடம் 400 ஆக இருந்தது, 420 ஆயிற்று." மைஎஸ்க்யூஎல்லில் முதலில் இருந்தது கட்டளை முறை. 2008இல் வந்த 5.1 பதிப்பில் விளைவு முறையும் சேர்ந்தது. 2015இல் வந்த 5.7 முதல் அதுவே இயல்பான முறை. ஆனால் அட்டவணையின் அமைப்பை மாற்றினால், எந்த முறையானாலும் அது கட்டளையாகவே சிட்டையில் ஏறும்.

விளைவு முறையில் நகல் பத்திகளைப் பெயரைப் பார்த்துச் சேர்ப்பதில்லை; இடத்தைப் பார்த்துச் சேர்க்கிறது. எட்டாவது பத்தியில் வந்தது எட்டாவது பத்திக்குப் போகும். எண் வர வேண்டிய இடத்தில் எழுத்து வந்தால் நின்று பிழை காட்டும். எங்கள் மூன்று பத்திகளும் ஒரே வகைப் பணப் பத்திகள். சந்தேகப்பட அதற்குக் காரணமே இல்லை. "பெரியப்பா, பிழை காட்டி நிக்கிற நகல் நல்ல நகல். காட்டாம ஓடுறதுதான் ஆபத்து" என்றான்.

எல்லா மென்பொருளும் ஒரே மாதிரி இல்லை என்பதையும் சொன்னான். போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தில் சர்வரை அடியோடு அச்சாக நகலெடுக்கும் முறை உண்டு. அதில் அமைப்பு மாற்றமும் கூடவே போய்விடும். 2017இல் வந்த அதன் 10ஆம் பதிப்பில் அட்டவணை அளவில் நகலெடுக்கும் முறையும் சேர்ந்தது. இதில் பத்திகளைப் பெயரைப் பார்த்துச் சேர்க்கும். எங்களுக்கு நேர்ந்தது அங்கே நேராது. ஆனால் அமைப்பு மாற்றம் தானாகப் போகாது. ஒவ்வொரு இடத்திலும் நாமே செய்ய வேண்டும். புதிய பத்தி சேர்ப்பதானால் நகலில் முதலில் சேர்த்து, பிறகு மூலத்தில் சேர்ப்பது நல்லது. முதலில் மூலத்தில் சேர்த்தால், நகலில் இல்லாத பத்திக்குத் தரவு வந்து நின்றுவிடும். ஆக, உங்கள் மென்பொருள் எந்த வகை என்று தெரிந்து கொள்ளாமல் பத்தியில் கை வைக்கக் கூடாது.

மாற்றம் செய்யும் ஒழுங்கு

அவன் சொல்லி, நாங்கள் இன்றுவரை கடைப்பிடிக்கும் முறை இது.

ஒன்று: நகலில் யாரும் கையால் எழுதக் கூடாது. "படிக்க மட்டும்" என்று நகலைப் பூட்டி வைக்க வழி இருக்கிறது. எங்களுடையவை இப்போது பூட்டியே இருக்கின்றன. சோதனைக்குத் தனியாக ஒரு பழைய கணிப்பொறி வைத்துக் கொண்டோம்.

இரண்டு: மாற்றம் மூலத்தில் மட்டும் செய்து, சிட்டை வழியாகவே நகலுக்குப் போக வேண்டும். புதிய பத்தியைக் கடைசியில் சேர்க்க வேண்டும். எழுதாவிட்டால் பூஜ்யமோ வெறுமையோ விழ வேண்டும். அப்போதுதான் பழைய நிரலும் தடையின்றி ஓடும்.

மூன்று: பழையதை உடனே நீக்கக் கூடாது. முதலில் சேர், பிறகு நிரப்பு, பிறகு நிரலைப் புதிய பத்திக்கு மாற்று, எல்லா இடத்திலும் எல்லாம் மாறிய பிறகே பழைய பத்தியை எடு. நிரப்பும்போதும் சில நூறு வரிசைகளாகப் பிரித்து நிரப்பினால் நகல் பின்தங்காது.

நான்கு: ஏற்கெனவே நிரம்பிய அட்டவணைக்குத் தானாக ஏறும் வரிசை எண் பத்தி சேர்ப்பதில் கவனம் வேண்டும். மூலத்திலும் நகலிலும் வரிசைகள் வட்டில் ஒரே ஒழுங்கில் இல்லாமல் இருக்கலாம். கட்டளை ஒன்றே ஆனாலும், இங்கே 17 என்று எண் பெற்ற பில் அங்கே 18 ஆகிவிடும்.

ஐந்து: பிழை காட்டி நகல் நின்றால், காரணம் தெரியாமல் எதையும் தாண்டக் கூடாது. தாண்டின ஒரு பதிவுதான் எங்கள் பாடபேதம்.

பெரிய நிறுவனங்களுக்கு இன்னொரு சங்கடம் உண்டு. கோடிக்கணக்கான வரிசைகள் உள்ள அட்டவணையில் ஒரு மாற்றம் மூலத்தில் அரை மணி எடுத்தால், அது முடிந்த பிறகே நகலில் தொடங்கும். அங்கும் ஏறக்குறைய அரை மணி. அதுவரை பின்னால் வந்த பதிவுகள் காத்திருக்கும். இதற்காக பெர்கோனா நிறுவனமும், 2016இல் கிட்ஹப் நிறுவனமும் கருவிகளை வெளியிட்டன. புது அமைப்பில் ஒரு நிழல் அட்டவணையை உண்டாக்கி, கொஞ்சம் கொஞ்சமாக வரிசைகளை அதற்கு மாற்றி, கடைசியில் பெயரை மட்டும் மாற்றி விடுவது அவற்றின் உத்தி. 2018இல் மைஎஸ்க்யூஎல் 8.0.12 வந்தபின், கடைசியில் ஒரு பத்தி சேர்ப்பது மட்டுமானால் நொடியில் முடிகிறது.

ஒப்பு நோக்குதல்

சுவடி படியெடுத்தவர்கள் எழுதி முடித்ததும் ஒருவர் மூலத்தைப் படிக்க, மற்றவர் படியைப் பார்த்து வருவார்கள். இங்கும் அது உண்டு. முதலில் அட்டவணை அமைப்பை மூன்று சர்வரிலும் அச்சிட்டு, பத்தியின் பெயர், வகை, இடம் மூன்றும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். பிறகு உள்ளடக்கம். சில ஆயிரம் வரிசைகளுக்கு ஒரு சரிபார்ப்பு எண் என்று மூலமும் நகலும் தனித்தனியே கணக்கிட்டு ஒப்பிடும் கருவி இருக்கிறது, பெர்கோனாவினுடையதே. எங்கள் பில் அட்டவணையில் அதை ஓட்டியிருந்தால் முதல் நாளே சொல்லியிருக்கும். மொத்தத்தை மட்டும் பார்த்து ஏமாறாமல், ஒவ்வொரு பத்தியையும் தனித்தனியே கூட்டிப் பார்ப்பது கருவி இல்லாதவர்களுக்கும் கைகொடுக்கும்.

அன்று புனே நகல் சரியாக இருந்ததைக் கண்டு, பிவண்டி நகலை முழுக்க அழித்து, மூலத்திலிருந்து புதிதாகப் படி எடுத்தோம். ஒரு இரவு போயிற்று. ரிட்டர்ன் சரியான எண்களோடு போனது. அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. "தாண்டு" என்ற கட்டளையை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள், எப்போது தாண்டக் கூடாது என்பதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. அவ்வளவுதான்.

இந்த மலரைப் படிக்கும் பிள்ளைகள் யாராவது இத்தகைய வேலையில் இருந்தால், உங்கள் சர்வரின் மறுமுனையில் ஒரு கடைக்காரர் வரி கட்ட உட்கார்ந்திருக்கிறார் என்பதை நினைவில் வையுங்கள். கடை வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல்: கணிப்பொறி இருக்கட்டும், கைச்சிட்டையையும் விட்டுவிடாதீர்கள்.