நிறம் கண்ட விழிகள்

நிறம் என்னும் சொல்லுக்குப் பண்டைத் தமிழில் வண்ணம் என்ற பொருளோடு மார்பு என்ற பொருளும் உண்டு. குரு, கெழு என்னும் உரிச்சொற்கள் நிறத்தைக் குறிப்பன என்று தொல்காப்பியனார் உரியியலில் ஓதினார். இவற்றை முப்பது ஆண்டுகளாக மாணவர்க்குக் கற்பித்து வருபவன் யான். ஆயினும், நிறம் என்பது நெஞ்சைத் தொடும் பொருள் என்பதை ஏட்டிலிருந்து அறிந்தேனல்லேன். ஒரு பழைய நிழற்படமே அதனை எனக்கு அறிவித்தது.

பதுளைக்கு அணித்தான தேயிலைத் தோட்டமொன்றின் லயத்திலே பிறந்தவன் யான். 1964ஆம் ஆண்டுச் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி என் அத்தை குடும்பத்தார் 1979இல் தலைமன்னார் வழியாகக் கப்பலேறினர். கடவுச்சீட்டுக்கென எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்தின் ஒரு பிரதியே எங்களிடம் எஞ்சியது. அதில் அத்தை உடுத்திருந்த சேலையின் நிறம் யாது? அரக்கு என்பார் என் தாயார். கிளிப்பச்சை என்பார் சிற்றப்பா. அன்று ஒன்பது வயதுச் சிறுவனாயிருந்த எனக்கோ மாம்பழ மஞ்சள் என்றே நினைவு. படம் சாம்பல் நிறம் ஒன்றையே காட்டி வாளாவிருக்கிறது. கேட்டறிய அத்தையும் இன்று இல்லை.

இவ்வினா உள்ளத்தை உறுத்திக்கொண்டிருந்த நாளில் நண்பர் ஒருவர் வாயிலாக ரகுபீர் சிங் என்னும் கலைஞரின் படநூலைக் காணும் பேறு பெற்றேன். 1942இல் ஜெய்ப்பூரிலே பிறந்த அவர், எவரிடமும் முறையாகப் பயிலாது தாமே கற்று, ஒளிப்படத்தையே தொழிலாகவும் தவமாகவும் கொண்டவர். 1966இல் பிரெஞ்சு நாட்டுப் பேரறிஞர் கார்த்தியே பிரெசோன் ஜெய்ப்பூருக்கு வந்து படம் எடுத்தபோது, அருகிருந்து கண்டு பாடம் கற்றார். ஆனால் அந்த ஆசான் போற்றிய கறுப்பு வெள்ளையை அவர் ஏற்றாரல்லர். வாழ்நாள் முழுவதும் வண்ணத்தையே கைக்கொண்டார். கங்கை, கல்கத்தா, கேரளம், காசி, தமிழ்நாடு எனப் பதினான்கு நூல்கள் அவர் வாழ்ந்த காலத்தில் வெளிவந்தன. 1999இல் நியூயார்க் நகரில் மறைந்தார்.

அக்காலத்தில் இஃது எளிய துணிவன்று. வண்ணப்படம் விளம்பரத்துக்கும் விழா வீட்டுக்குமே ஏற்றது, கலைக்கு உரியது கறுப்பு வெள்ளையே என மேலைநாட்டு அறிஞர் பலரும் கருதியிருந்தனர். நியூயார்க் நவீன கலைக்கூடம் 1976இல் வில்லியம் எக்கிள்ஸ்டனின் வண்ணப்படங்களைக் காட்சிக்கு வைத்தபோதும் எதிர்ப்பு எழுந்தது. சிங்கோ அதற்கு ஈராண்டு முன்னரே கங்கையைப் பற்றிய தம் வண்ண நூலை வெளியிட்டுவிட்டார். கறுப்பு வெள்ளை மேலைநாட்டு மனத்தின் வழி, இந்தியர் கண்ணோ இயல்பாகவே வண்ணத்தில் உலகைக் காண்பது என்பது அவர் கொள்கை. இராசபுத்திர ஓவியங்களை அதற்குச் சான்றாகக் கொண்டார்.

அவர் பயன்படுத்திய கோடக்ரோம் சுருளோ கடுந்துறவிபோன்றது. ஒளி சற்று மிகுந்தால் நிறம் வெளிறிவிடும். சற்றுக் குறைந்தால் இருளில் ஆழ்ந்துவிடும். பின்னர்த் திருத்துதல் அரிது. 1935இல் வந்த அச்சுருளின் உற்பத்தி 2009இல் நின்றது. இமைப்பொழுதில் ஒளியை அளந்து, மக்களின் அசைவை அறிந்து, நிறங்களின் உறவையும் தேர்ந்து விசையை அழுத்துவதென்றால், அதற்கு எத்துணைப் பயிற்சி வேண்டும்!

1967இல் பீகாரின் மோங்கீரில் எடுத்த அவர் படம் ஒன்று. பெருமழையில் நனைந்த பெண்கள் நால்வர் ஒருவரையொருவர் ஒட்டி நிற்கின்றனர். சேலைகள் உடலோடு ஒட்டியுள்ளன. அதைக் கண்டதும் எனக்கு நமுனுகுலை மலைச்சாரலில் கம்பளி போர்த்து, இடுப்பில் படங்கு கட்டி, மழைக்கு ஒதுங்கி நின்ற எங்கள் தாய்மார் நினைவே எழுந்தது.

நம் தீவிலும் பெருங்கலைஞர் இருந்தனர். 1875இல் இலங்கைக்கு வந்த ஜூலியா மார்கரெட் கமரோன் அம்மையார், தோட்டங்களில் உழைத்த தமிழரையும் படம்பிடித்தார். 1879இல் மலைநாட்டிலேயே மறைந்து பொகவந்தலாவையில் அடக்கமாயினார். அவர் கையாண்ட ஈரத்தகடு நீல ஒளிக்கே பெரிதும் இசையும். செந்நிறம் அதிலே கருமையாகவே படியும். ஆகவே அன்றைய தொழிலாளப் பெண்ணின் சிவப்புச் சேலை இன்று நமக்குக் கறுப்பாகவே கிடைத்துள்ளது. 1944இல் மறைந்த லயனல் வென்ற் கறுப்பு வெள்ளையிலேயே நிலவொளி போன்ற அழகை வடித்தார். அவர் படங்களைக் கண்டவர், வண்ணமில்லாப் படம் தாழ்ந்தது என்னார். சிங்கின் கொள்கையை யானும் முழுதும் ஏற்றேனல்லேன்.

வண்ணமும் பொய் சொல்லவல்லது. தேயிலைப் பொட்டலங்களிலும் சுற்றுலா ஏடுகளிலும் பச்சை மலையும், அதன் நடுவே புன்னகைக்கும் பெண்ணும் எத்தனை முறை வந்துள்ளன! ஒரு பச்சையைத்தான் அவை அறியும். ஊவாவிலோ கொழுந்தின் பச்சை வேறு, முற்றிய இலையின் பச்சை வேறு. கவ்வாத்து வெட்டிய மலை மண்ணிறம். ஆடிக் காற்றில் காய்ந்த புற்றரை பொன்னிறம். முள்முருக்கின் பூவோ தீயின் நிறம்.

சென்ற ஆண்டு என் வகுப்பு மாணவரிடம், தத்தம் இல்லத்தில் காணும் ஒரு நிறத்தைப் பற்றி எழுதுமாறு பணித்தேன். பெரும்பாலோர் பச்சை என்றே எழுதினர். ஒரு மாணவி மட்டும், “என் அம்மாவின் விரல்நுனிகள் கறுப்பு, எத்தனை தேய்த்தாலும் போகாது” என எழுதியிருந்தாள். கொழுந்துச் சாற்றின் கறை அது. எத்துணையோ கருவிகள் எங்கள் மலைக்கு வந்து சென்றன. அந்த நிறத்தைக் கண்டது அச்சிறுமியின் கண்ணே.

அன்று மாலை வீடு சென்று, அத்தையின் படத்தைத் திருப்பினேன். அரக்கு, கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள் என்னும் மூன்று நிறங்களையும், சொன்னவர் பெயரோடு பின்புறத்தில் எழுதி வைத்தேன். ஆசிரியப் பெருமக்களே, மாணவ நண்பர்களே! உங்கள் இல்லங்களிலும் அத்தகைய படங்கள் இருக்கும். அறிந்தவர் உயிரோடிருக்கும்போதே, அவற்றின் நிறத்தைக் கேட்டு எழுதி வையுங்கள்.