கத்தியை வென்ற பொறுமை

மணமாகி மாதங்கள் பல சென்றும் உடலால் ஒன்றுபட இயலாது வருந்தும் தம்பதிகள் உளர். கூட முற்படுந்தோறும் மனைவியின் யோனி வாயிலைச் சூழ்ந்த தசைகள் தாமாகவே இறுகிவிடுகின்றன; வலியும் அச்சமும் மேலிடுகின்றன. "பிடிவாதக்காரி", "கணவன்மீது பற்றில்லாதவள்" என்ற பழிச்சொற்களுக்கு அஞ்சி அவள் வாய் திறப்பதுமில்லை. தூசி விழ வரும்போது கண்ணிமை நம் அனுமதி பெற்றா மூடுகிறது? இதுவும் அத்தகையதே. வைத்தியர்கள் இதனை 'வஜினிஸ்மஸ்' என்பர்.

அப்பெயரை 1861ஆம் ஆண்டில் இலண்டனில் வைத்தியர் சங்கமொன்றின் முன் எடுத்துரைத்தவர் அமெரிக்கரான மரியன் சிம்ஸ். அவர் கையாண்ட பரிகாரம் கத்தி. கன்னிச் சவ்வை அகற்றி, வாயிலை வெட்டி விரித்து, பின் கண்ணாடிக் கருவியொன்றை உள்ளே வைத்திருக்கச் செய்தார். ஆனால், நோயின் வேர் தசையின் இறுக்கத்திலும் மனத்தின் அச்சத்திலும் அன்றோ இருக்கிறது! 1970இல் மாஸ்ரேர்ஸ், ஜோன்சன் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர், கணவன் மனைவி இருவரையும் ஒருங்கே வைத்துப் படிப்படியாகப் பயிற்றும் முறையை நூல்வாயிலாக விளக்கினர்.

இன்றைய சிகிச்சையும் அவ்வழியதே. புண், கிருமித்தொற்று, வறட்சி, பிரசவத் தழும்பு முதலியன உளவோ என்று வைத்தியர் முதலில் ஆராய்வார். அப்பரிசோதனையும் பெண்ணின் சம்மதத்துடனேயே நிகழ்தல் வேண்டும். அவள் 'போதும்' என்றால் நிறுத்தப்படல் வேண்டும். அடுத்து, இடுப்படித் தசைகளை இறுக்கவும் தளர்த்தவும் இயன்மருத்துவர் பழக்குவார். பின்னர், சிறுவிரலளவு மெல்லிய, வழவழப்பான விரிகருவியிலிருந்து தொடங்கி, வழுக்குக் களிம்பு பூசி, அவளே தன் கையாற் பயில்வாள். அது எளிதான பின்னரே சற்றுப் பெரியதை நாடுவாள். இதற்கு வாரங்களோ மாதங்களோ செல்லலாம். முன்பு நேர்ந்த வன்முறையோ, ஊட்டி வளர்க்கப்பட்ட பயமோ காரணமாயின் உளவளத்துணை இன்றியமையாதது. தசையைத் தளர்த்தும் பொற்றுலினம் ஊசி பற்றிய முதற் செய்தி 1997இல் வெளிவந்தது; ஏனைய வழிகளாற் குணங்காணாதோர்க்கே அது பெரும்பாலும் எண்ணப்படுகிறது.

"பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்" என்று புத்தி கூறும் மூத்தோர்க்கு நாம் சொல்ல வேண்டியது ஒன்றுண்டு. வலி அச்சத்தை வளர்க்கும். அச்சம் இறுக்கத்தை வளர்க்கும். ஆகவே அவ்வறிவுரை நோய்க்கு உரமிடுவதேயாம். சிகிச்சை நடைபெறுங் காலத்தில் கணவன் கூடலை வற்புறுத்தாது, அன்போடு காத்திருத்தல் வேண்டும். முறையாகச் சிகிச்சை பெற்றோரிற் பலர் நலமடைந்து இனிய இல்லறம் நடத்துகின்றனர். மகளோ மருமகளோ தயங்கித் தயங்கி இதனைக் கூறுவாளாயின், ஏசாது கேட்டு, பெண்ணோயியல் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். அதுவே முதல் மருந்து.