எண்ணெயும் புற்றுநோயும்

அஞ்செட்டிப் பக்கம் ஒரு வீட்டில் புற்றுநோய் என்று தெரிந்துவிட்டால் முதல் சட்டம் அடுப்படியில்தான் பிறக்கிறது. “எண்ணெயை நிறுத்து, சர்க்கரையை நிறுத்து, நோய் பட்டினி கிடந்து தானே சாகும்” என்கிறார்கள். இதைக் கேட்டு, எங்களுக்குத் தெரிந்த பாட்டி ஒருவர் மூன்று வேளையும் வெறும் கஞ்சி குடித்து எலும்பும் தோலுமானார். சொன்னவர்கள் அன்பினால்தான் சொன்னார்கள். ஆனால் அது சரிதானா?

உணவே உடலின் எரிபொருள். ஒரு கிராம் மாவுச்சத்து 4 கலோரியும், ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரியும் தருகின்றன. நம் உயிரணுக்கள் பெரும்பாலும் பிராணவாயுவின் துணையால் இவற்றை முழுவதும் எரித்துச் சக்தி பெறுகின்றன. புற்றணுக்களின் வழி வேறு. பிராணவாயு போதிய அளவு இருந்தும் அவை குளுக்கோஸை மிகுதியாக இழுத்து, பாதியில் லாக்டிக் அமிலமாக மாற்றிவிடுகின்றன. இதை 1920-களில் கண்டறிந்தவர், பின்னர் 1931-இல் நோபல் பரிசு பெற்ற ஜெர்மானிய விஞ்ஞானி ஆட்டோ வார்பர்க். அரைகுறையாக எரிந்த விறகில் கரி மிஞ்சுவதுபோல், இங்கு மிஞ்சும் பொருள்கள் புதிய அணுக்களைக் கட்ட உதவுகின்றன. சில புற்றணுக்கள் கொழுப்பையும் பயன்படுத்துகின்றன.

அப்படியானால் பட்டினி போட்டால் என்ன? நாம் சர்க்கரை உண்ணாவிட்டாலும் கல்லீரல் குளுக்கோஸைத் தயாரித்து இரத்தத்தில் விடும். அதற்காகத் தசையின் புரதமும் கரையும். நோயே தசையைக் கரைக்கக் கூடியது. பட்டினியும் சேர்ந்தால் சிகிச்சையைத் தாங்கும் வலு நோயாளிக்கு இராது.

இனி, எண்ணெய்தான் குற்றவாளியா? அமெரிக்காவில் மாதவிடாய் நின்ற 48,000-க்கும் மேற்பட்ட பெண்களைக் கொண்டு பெரிய ஆய்வு ஒன்று நடந்தது. கொழுப்பைக் குறைத்து உண்டவர்களிடையே மார்பகப் புற்றுநோய் திட்டவட்டமாகக் குறைந்ததாக, 2006-இல் வெளியான முடிவு காட்டவில்லை. ஆனால் உடலில் சேர்ந்துவிட்ட கொழுப்பின் கதை வேறு. மிகையான உடற்கொழுப்பு 13 வகைப் புற்றுநோய்களோடு தொடர்புடையது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வகம் 2016-இல் அறிவித்தது. மாதவிடாய் நின்றபின் கொழுப்புத் திசுவே ஈஸ்ட்ரோஜன் சுரப்பைத் தயாரிக்கிறது. பருத்த உடலில் இன்சுலினும் மிகுகிறது. இவ்விரண்டும் அணுக்களைப் பெருகத் தூண்டுபவை. ஆகவே எண்ணெயோ, சர்க்கரையோ, சோறோ எதுவானாலும், செலவழியாமல் தேங்கும் சக்தியே கவலைக்குரியது.

நம் பாட்டிமார் ராகிக் களியும் அவரைக் குழம்பும் உண்டு, காட்டிலும் கழனியிலும் அதைச் செலவழித்தார்கள். இன்று ஓசூர் தொழிற்சாலைகளில் நாளெல்லாம் ஓரிடத்தில் இருந்து வேலை செய்வோர் பலர். வேலை மாறியது, தட்டின் அளவு மாறவில்லை, பொட்டலத் தின்பண்டமும் கூடிவிட்டது. நலமாயிருப்போர் அளவோடு உண்டு நன்றாக நடக்க வேண்டும்.

நோயுற்றோருக்கு வேறு நியாயம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் அடையாற்றில் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனை போன்றவை நம் மாநிலத்திலேயே இருக்கும்போது, நோயாளியின் உணவை அக்கம்பக்கத்தார் தீர்மானிக்கலாமா? எங்கள் பாட்டிக்கு, மருத்துவர் கண்டித்த பிறகு பருப்பும் முட்டையும், களியின்மேல் ஒரு கரண்டி நெய்யும் திரும்பக் கிடைத்தன. சிகிச்சைக்குப் பேருந்து ஏறும் வலுவும் மெல்ல வந்தது.